ஜிவிஎஃப் கணக்கு முதல் தடவை போடுறீங்களா? கால்வாய் முடியுற இடத்துலேர்ந்து ஆரம்பிங்க

ஜிவிஎஃப்னா கிராஜுவலி வேரிட் ஃப்ளோ, கால்வாய்ல தண்ணி ஆழம் தூரத்தோட மெதுவா மாறுற ஓட்டம். அந்தக் கணக்குப் போட்டு நான் குடுத்த ரிப்போர்ட், சரிபார்க்கிறவங்ககிட்டேர்ந்து மூணு தடவை திரும்பி வந்துச்சு. முதல் தடவை ஓரத்துல பென்சில்ல "டவுன்ஸ்ட்ரீம் லெவல் எங்கே?"ன்னு ஒரு வரி, கீழ் முனைத் தண்ணி மட்டத்தைக் கேக்கிறாங்க. ரெண்டாவது தடவை "எந்த டேட்டம்?", அதாவது உயரத்தை எந்தப் பூஜ்ஜியத்துலேர்ந்து அளந்தீங்கன்னு. மூணாவது தடவை எதுவுமே எழுதல, கால்வாயோட சொரசொரப்பைச் சொல்ற மேனிங் 'என்' போட்டிருந்த இடத்தை மட்டும் வட்டம் போட்டு குடுத்துட்டாங்க. வேலை ஒண்ணும் பெருசில்ல, தென்சென்னைல ஒரு லேஅவுட்டை ஒட்டி ஓடுற மழைநீர்க் கால்வாய், அதை 5 மீட்டர் அகலத்துல கான்கிரீட்ல கட்டினா பெருமழைல தண்ணி எந்த மட்டத்துல நிக்கும்னு சொல்லணும், அவ்வளவுதான். காலேஜ்ல கிராஜுவலி வேரிட் ஃப்ளோ எனக்கு 16 மார்க் கேள்வி, எம்1 எம்2 எம்3ன்னு தண்ணி மட்ட வளைகோடு வரைஞ்சு பாஸ் பண்ணியாச்சு. நிஜக் கால்வாய்க்குப் போட உக்காந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நாலாவது தடவை போன ரிப்போர்ட் திரும்பல. நடுவுல எனக்குப் போன ரெண்டு மாசம் உங்களுக்குப் போக வேணாம்னுதான் இதை எழுதறேன்.

1. இந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையான்னு பாருங்க

நீளமான கால்வாய், ஒரே அகலம், ஒரே சரிவு, கீழ் முனைல தண்ணி தடங்கல் இல்லாம விழுதுன்னா மேனிங் ஃபார்முலாவுல நார்மல் டெப்த் (மாறாம சீரா ஓடுற ஆழம்) கண்டுபிடிச்சாலே போதும். சென்னைல அப்படி ஒரு கால்வாய் நான் இன்னும் பாக்கல. ஊரே தட்டை, பெரும்பாலும் கடைசில கூவத்துலயோ அடையாறுலயோ பக்கிங்காம் கால்வாய்லயோ போய் முட்டுது. அந்தப் பெரிய கால்வாய் நிறைஞ்சிருந்தா உங்க சின்ன கால்வாய் தண்ணி போக இடமில்லாம பின்னாடி ஏறும். அந்த ஏத்தம் எத்தனை தூரம், எத்தனை உயரம்னு சொல்றதுதான் ஜிவிஎஃப், சைட்ல பேசுறப்ப பேக்வாட்டர்னு சொல்லுவாங்க.

சமன்பாடு பயமுறுத்தும், விஷயம் சின்னது. படுகைச் சரிவுலேர்ந்து உரசல் சரிவைக் (உரசல்ல மீட்டருக்கு இழக்கிற ஆற்றல்) கழிங்க, அதை (1 மைனஸ் ஃப்ரூட் நம்பர் ஸ்கொயர்) ஆல வகுங்க, ஒரு மீட்டர் நகர்ந்தா ஆழம் எவ்வளவு மாறும்னு வரும். ஃப்ரூட் நம்பர்னா தண்ணியோட வேகத்தை அதுல சின்ன அலை நகர்ற வேகத்தால வகுத்தது. அது 1-ஐ நெருங்கினா வகுக்கிற எண் பூஜ்ஜியமாகும், கணக்கு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடும், அதை 7-ல பாப்போம்.

2. கால்வாய் முடியுற இடத்துக்கு நேர்ல போங்க

நான் பண்ணின முதல் தப்பு இங்கதான். மழை மேலேர்ந்து கீழ வருது, அதனால கணக்கும் மேலேர்ந்து கீழன்னு நினைச்சு லேஅவுட் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். ஓட்டம் நிதானமா இருந்தா, அதாவது சப்-கிரிட்டிக்கல்னா, கட்டுப்படுத்துறது கீழ் முனைதான். கணக்கு அங்க ஆரம்பிச்சு தண்ணிக்கு எதிரா மேல ஏறணும். வேகமான ஓட்டம், சூப்பர்-கிரிட்டிக்கல்னா மட்டும் மேலேர்ந்து கீழ. சென்னை சரிவுக்கு நூத்துக்கு தொண்ணூறு வேலைல கீழேர்ந்து மேலதான் வரும்.

அப்போ கீழ் முனைல தண்ணி மட்டம் என்ன? இந்த ஒரு எண்ணுக்காக நீங்க எத்தனை நாள் அலைஞ்சாலும் அது வீண் இல்ல. எங்க கால்வாய் போய் விழுறது ஒரு பெரிய கால்வாய்ல, அது கடலோட தொடர்புள்ளது. அதனால மூணு விஷயம் பாக்க வேண்டியிருந்துச்சு. ஒண்ணு, பெரிய கால்வாயோட வெள்ள மட்டம், இதுக்கு முன்னாடி யாராவது அதே கால்வாய்க்கு ரிப்போர்ட் பண்ணியிருந்தா அந்த எண்ணை எழுத்துல கேளுங்க, வாயால சொன்னதை ரிப்போர்ட்ல போட முடியாது. ரெண்டு, ஓதம். சென்னைல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு இறக்கம், அமாவாசை பௌர்ணமிய ஒட்டி ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர் வரும். மழையும் ஏத்தமும் ஒண்ணா வந்தா என்னங்கறதுதான் நீங்க போட வேண்டிய கேஸ். மூணு, முகத்துவாரத்து மணல் மேடு. அடையாறு, கூவம் ரெண்டுக்குமே இந்தப் பிரச்சனை உண்டு, மேடு மூடியிருந்தா உள்ள தண்ணி வெளிய போக முடியாம கடல் மட்டத்துக்கு மேல நிக்கலாம்.

நான் போனப்ப கால்வாய் சேருற இடத்துல ஒரு வீட்டு வாசல்ல பாட்டி ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க, பெரு வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு பாட்டின்னு கேட்டேன். "மிக்ஜாம் வந்தப்ப இந்தப் படி முங்கிருச்சு தம்பி, 2015-ல அதோ அந்த ஜன்னல் கட்டை"ன்னு கை காட்டினாங்க. படிக்கும் ஜன்னலுக்கும் லெவல் எடுத்தேன், கடைசில ரிப்போர்ட்டைத் தாங்கினது அந்த ரெண்டு எண்தான். டீக்கடை, ஈபி பெட்டி, கோயில் சுவர், எங்க கறை இருக்கோ போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பக்கத்துல ஸ்டாஃப் (லெவல் எடுக்கிற அளவுகோல்) நிறுத்தி எடுங்க.

3. பேப்பர்கள்

இதெல்லாம் ஒரே நாள்ல வீட்ல உக்காந்தே ஆரம்பிக்கலாம். சர்வே நம்பர் இருந்தா எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), பட்டா, ஏ-ரெஜிஸ்டர் எல்லாம் தமிழ்நாடு அரசு இ-சர்வீசஸ் தளத்துல பாக்கலாம். கால்வாய் புறம்போக்கோட அகலம் எஃப்எம்பில இருக்கும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா நேர்ல 4 மீட்டர் ஓடுற வாய்க்கால் ஆவணத்துல 9 மீட்டரா இருக்கும், நீங்க 4 மீட்டருக்கு கணக்குப் போட்டா ஆக்கிரமிப்பை நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். டோப்போ ஷீட் 1:50,000 சர்வே ஆஃப் இந்தியா தளத்துல பதிவு பண்ணி இலவசமா டவுன்லோட் பண்ணலாம், நீர்ப்பிடிப்பு எல்லை வரைய அது போதும்.

ஒரு எச்சரிக்கை. சாட்டிலைட் டிஇஎம் (தரை உயர வரைபடம்) 30 மீட்டருக்கு ஒரு புள்ளின்னு ஓசில கிடைக்குது, எனக்கும் ஆசை வந்துச்சு. அதுல உயரம் மீட்டர் கணக்குல தப்பும், உங்க கால்வாயே 2 மீட்டர் ஆழம்தான். நீர்ப்பிடிப்பு பாக்க மட்டும் வெச்சுக்கோங்க, படுகை மட்டத்துக்கு தொடாதீங்க.

4. சர்வே: பணம் இங்கதான் போகும்

2.4 கிமீ நீளம், 50 மீட்டருக்கு ஒரு கிராஸ் செக்ஷன் (குறுக்குவெட்டு), மொத்தம் 49. டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி), சர்வேயர், கூட ரெண்டு ஆள், ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்னு பேசி மூணு நாள்ல முடிஞ்சுது, 21,000. கல்வெர்ட்டு, பாலம் இருக்கிற இடத்துல 50 மீட்டர் பத்தாது, அதுக்கு முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டுன்னு நாலு செக்ஷன் தனியா எடுக்கச் சொல்லுங்க. எடுக்கலன்னா ஆளுங்களை திரும்ப கூப்பிடணும், நான் கூப்பிட்டேன், இன்னொரு 7,000.

இப்போ டேட்டம். சர்வேயர் ஒரு கல்வெர்ட்டு கைப்பிடிச் சுவர்ல பெயின்ட்ல குறி போட்டு "100.000னு வெச்சுக்கிட்டேன் சார், அப்புறம் நீங்க கூட்டிக் கழிச்சுக்கோங்க"ன்னார். நான் தலையாட்டிட்டேன். ரெண்டாவது தடவை ரிப்போர்ட் திரும்பினது இதனாலதான். உங்க கால்வாய் லெவல் ஒரு கணக்குல, பெரிய கால்வாய் வெள்ள மட்டம் கடல் மட்டக் கணக்குல, ஓத அட்டவணை சார்ட் டேட்டம்ங்கற மூணாவது கணக்குல இருக்கும். சார்ட் டேட்டம் சராசரி கடல் மட்டத்தை விட அரை மீட்டருக்கும் அதிகமா தாழ்வா இருக்கு, அட்டவணைல 1.1ன்னு போட்டிருந்தா அது கடல் மட்டத்துலேர்ந்து 1.1 இல்ல. அதனால முதல் நாளே கடல் மட்ட மதிப்பு தெரிஞ்ச பெஞ்ச் மார்க் ஒண்ணுலேர்ந்து லெவல் கொண்டு வரச் சொல்லி, திரும்ப அதுலயே போய் மூடி, பிழை எவ்வளவுன்னு ஃபீல்டு புக்ல எழுதி வாங்குங்க. பேரம் பேசும்போதே சொல்லிடுங்க, பின்னாடி சொன்னா தனி காசு.

இன்னொண்ணு சேறு. ஸ்டாஃப் மேல நின்னா ஒரு லெவல், அழுத்தினா அரை மீட்டர் உள்ள போகும். வண்டல் மேல்மட்டம் ஒண்ணு, கெட்டித் தரை ஒண்ணு, ரெண்டையும் எழுதச் சொல்லுங்க, அடில ஒரு தட்டு வெச்சு நிறுத்தினா மேல்மட்டம் ஒழுங்கா கிடைக்கும். ஓதம் ஏறுற பகுதின்னா இறக்க நேரம் பாத்து போங்க. மே, ஜூன்ல முடிச்சிடுங்க, அக்டோபர் வந்துட்டா வடகிழக்குப் பருவமழை, யாரும் உள்ள இறங்க மாட்டாங்க, இறங்கவும் கூடாது. பல இடத்துல கழிவுநீர் கலந்திருக்கும், ஆளுங்களுக்கு கம்பூட், கையுறை நீங்க வாங்கிக் குடுங்க.

5. எவ்வளவு தண்ணி வரும்

சின்ன நீர்ப்பிடிப்புக்கு ரேஷனல் முறை போதும். ஓட்டக் குணகம் (பெய்யுற மழைல ஓடி வர்ற பங்கு), மழைத் தீவிரம் மணிக்கு மி.மீ-ல, பரப்பு ஹெக்டேர்ல, மூணையும் பெருக்கி 360 ஆல வகுத்தா வினாடிக்கு கனமீட்டர், சுருக்கமா க்யூமெக். எங்களுக்கு 0.75, 80 மி.மீ, 90 ஹெக்டேர், விடை 15 க்யூமெக்.

இங்க ஒரு குழி இருக்கு, நிறைய பேர் விழுறாங்க. நுங்கம்பாக்கம் வானிலை மையத்து தினசரி மழை கிடைக்குது, 240 மி.மீ பெய்ஞ்ச நாள்னு வெச்சுக்கோங்க, 24 ஆல வகுத்தா மணிக்கு 10 மி.மீ. அதைப் போட்டா 1.9 க்யூமெக்தான் வரும், எட்டுல ஒரு பங்கு! 90 ஹெக்டேர்ல தண்ணி வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது, அந்தக் குறுகிய நேரத்துத் தீவிரம்தான் வேணும். மணிவாரி மழை டேட்டாவுக்கு வானிலைத் துறைகிட்ட விண்ணப்பிங்க, உடனே வராது, அதனால சர்வே ஆரம்பிக்கிற அன்னிக்கே அதையும் அனுப்பிடுங்க.

நம்ம ஊர் இன்ஜினியர்ஸ் கியூசெக்லதான் (வினாடிக்கு கன அடி) பேசுவாங்க. 1 க்யூமெக் 35.3 கியூசெக், எங்க 15 க்யூமெக் சுமார் 530 கியூசெக். 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துலேர்ந்து 29,000 கியூசெக் திறந்தாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அது சுமார் 820 க்யூமெக். ரிப்போர்ட்ல ரெண்டு அலகும் போடுங்க, படிக்கிறவர் முகம் மலரும்.

6. மேனிங் 'என்'

புது கான்கிரீட்டுக்கு 0.013லேர்ந்து 0.015, சுத்தமான மண் கால்வாய்க்கு 0.022லேர்ந்து 0.025, புல் புதர்னா 0.035க்கு மேல, ஆகாயத்தாமரை அடைச்சிருந்தா அதுக்கும் மேல எங்கயோ போயிடும். நான் 0.015 போட்டேன், கட்டப்போறது கான்கிரீட்தானே. வட்டம் போட்டவர்கிட்ட நேர்ல போய் கேட்டேன். "தம்பி, திறப்பு விழா அன்னிக்கு 0.015. ரெண்டு வருஷம் கழிச்சு போய் பாத்திருக்கீங்களா?"ன்னார். பக்கத்துல ஏற்கெனவே கட்டி முடிச்ச கான்கிரீட் கால்வாயைப் போய் பாத்தேன். அடில அரை அடி வண்டல், ஓரமா புல், பிளாஸ்டிக், நடுவுல குறுக்கால ஒரு குடிநீர்க் குழாய், அதுல துணி சுத்தியிருக்கு. அதனால ரெண்டு மதிப்புக்கும் கணக்குப் போடுங்க, புதுசு ஒண்ணு, பராமரிக்காதது ஒண்ணு. ஏன் இவ்வளவு வற்புறுத்தறேன்னு அடுத்ததுல தெரியும்.

7. கணக்கு, முதல்ல எக்செல்ல

சாஃப்ட்வேர் அப்புறம். ஒரு தடவையாவது கையால போட்டாத்தான் எது எதை இழுக்குதுன்னு புரியும், அரை நாள் வேலை.

அகலம் 5 மீ, 15 க்யூமெக், சரிவு 2000-ல 1, 'என்' 0.015. நார்மல் டெப்த் 1.91 மீ, கிரிட்டிக்கல் டெப்த் (ஃப்ரூட் நம்பர் 1 ஆகுற ஆழம்) 0.97 மீ. நார்மல் பெருசு, அதனால மைல்டு சரிவு, எம் குடும்பம். கீழ் முனைல படுகை −0.60, வெள்ள மட்டம் +2.00, ரெண்டும் கடல் மட்டக் கணக்குல, அப்போ ஆழம் 2.60 மீ. இது 1.91-ஐ விட ஜாஸ்தி, எம்1 வளைகோடு.

இப்போ டைரக்ட் ஸ்டெப். ஆழத்தை 10 செ.மீ 10 செ.மீயா குறைச்சு ஒவ்வொண்ணுக்கும் எத்தனை தூரம்னு கண்டுபிடிக்கணும். 2.60-ல வேகம் 1.154, ஸ்பெசிஃபிக் எனர்ஜி (ஆழம் கூட்டல் வேகத்தோட ஆற்றல், மீட்டர்ல) 2.668, உரசல் சரிவு 0.000217. 2.50-ல வேகம் 1.20, எனர்ஜி 2.573, உரசல் சரிவு 0.000241. எனர்ஜி வித்தியாசத்தை, படுகைச் சரிவுலேர்ந்து சராசரி உரசல் சரிவைக் கழிச்சு வர்றதால வகுத்தா 348 மீட்டர். அடுத்த 10 செ.மீக்கு 382, அப்புறம் 431, 511, 658. பாருங்க, மேல போகப் போக தூரம் நீளுது, நார்மல் டெப்த்தை நெருங்க நெருங்க வளைகோடு படுத்துடும், கணக்கா தொடவே தொடாது, அதனால 1 சதவீதம் மேல வந்ததும் நிறுத்திடுங்க.

கூட்டினா 2,330 மீட்டர் மேல போனாலும் ஆழம் 2.10, அதாவது நார்மலை விட 19 செ.மீ ஜாஸ்தி. எங்க லேஅவுட் 2.4 கிமீ மேல இருக்கு. கடைசி முனைல என்ன நடக்குதோ அது லேஅவுட் வாசல் வரைக்கும் வந்து தட்டுதுங்கறது இதைப் போட்டப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

இப்போ 'என்' மட்டும் 0.030 ஆக்குங்க. நார்மல் டெப்த் 1.91லேர்ந்து 3.21க்கு போயிடும். கீழ 2.60 அப்படியேதான் இருக்கு, ஆனா இப்போ அது நார்மலை விட கம்மி, எம்1 போய் எம்2 ஆயிடுச்சு. மேல போகப் போக ஆழம் குறையறதுக்கு பதிலா ஏறும்! கீழ் முனைலேர்ந்து சுமார் 1.2 கிமீ மேல, புதுக் கால்வாய்ல 2.30 நின்ன இடத்துல இப்போ 2.90. ஒரே கால்வாய், ஒரே மழை, 60 செ.மீ வித்தியாசம். நான் முதல்ல சுவர் உயரம் 2.75 மீட்டர்னு வரைஞ்சிருந்தேன்.

எக்செல்ல வர்ற சிக்கல் ரெண்டு. தூரம் மைனஸ்ல வந்தா நீங்க தப்பான திசைல போறீங்க, இல்ல வளைகோடு வகையைத் தப்பா எடுத்துட்டீங்க. தாறுமாறா குதிச்சா கிரிட்டிக்கல் டெப்த் பக்கத்துல மாட்டியிருக்கீங்க, அங்க ஆழம் வேகமா மாறுது, இந்த சமன்பாடே அந்த இடத்துக்கு பொருந்தாது. கிரிட்டிக்கலைத் தாண்டி கணக்கை ஓட்டாதீங்க, அங்க நிறுத்தி அதையே அடுத்த கன்ட்ரோலா, அதாவது கணக்கு தொடங்குற இடமா எடுத்துக்கோங்க. டைரக்ட் ஸ்டெப் ஒரே வடிவமான கால்வாய்க்குத்தான், செக்ஷன் மாறிட்டே இருந்தா ஸ்டாண்டர்டு ஸ்டெப் (தூரத்தை வெச்சு ஆழம் கண்டுபிடிக்கிறது), அதுக்கு சாஃப்ட்வேர்தான் நல்லது.

8. ஹெக்-ராஸ்

ஆறு, கால்வாய் தண்ணி மட்டம் கணக்குப் போடுற சாஃப்ட்வேர் இது. அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள் பிரிவு வெளியிடுறது, விண்டோஸ்ல ஓடும், ஓசி. இதுக்கு காசு கேட்டு "லைசென்ஸ் வெர்ஷன்" விக்கிறவங்ககிட்ட ஏமாறாதீங்க.

திறந்ததும் முதல் வேலை, யூனிட் சிஸ்டத்தை எஸ்ஐக்கு மாத்துங்க, தானா வர்றது அடிக் கணக்கு. கிராஸ் செக்ஷன் புள்ளிகளை தண்ணி போற திசையைப் பாத்து நின்னு இடதுலேர்ந்து வலது குடுக்கணும். ரிவர் ஸ்டேஷன் நம்பர் கீழ சின்னது, மேல போகப் போக பெருசு, நம்ம எல்-செக்ஷன்ல (நீளவாக்கு வெட்டுப்படம்) செயினேஜ் (தூரக் கணக்கு) பெரும்பாலும் மேலேர்ந்து பூஜ்ஜியமா ஆரம்பிக்கும், அதனால அப்படியே காப்பி பண்ணினா கால்வாய் தலைகீழா ஓடும். சிரிக்காதீங்க, ஒரு சாயங்காலம் முழுக்க நான் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்.

பவுண்டரி கண்டிஷன்ல (முனைல என்ன மட்டம்னு சொல்ற இடம்) "நார்மல் டெப்த்"னு ஒரு சுலபமான பட்டன் இருக்கும், அதைத் தொடாதீங்க, 2-ல சொன்ன மாதிரி அலைஞ்சு வாங்கின மட்டத்தை "நோன் வாட்டர் சர்ஃபேஸ்"ல போடுங்க. முதல் தடவை ரிப்போர்ட் திரும்பினதுக்கு காரணம் அந்த பட்டன்தான்.

சுருக்க, விரிவு இழப்புக் குணகம் சாதாரண இடத்துல 0.1, 0.3. கல்வெர்ட்டு பக்கத்துல 0.3, 0.5 ஆக்கணும், நிறைய பேர் விட்டுடுவாங்க. கல்வெர்ட்டு திறப்பை வரைபடத்துல இருக்கிறபடி முழுசா குடுக்காதீங்க, குறுக்கே போற குழாய், கேபிள், அடி வண்டல் எல்லாம் கழிச்சு குடுங்க.

ரன் பண்ணினா எச்சரிக்கை கொட்டும். கன்வேயன்ஸ் (தண்ணி கடத்துற திறன்) விகிதம் 0.7க்கு கீழ இல்ல 1.4க்கு மேலன்னு வந்தா, அல்லது ரெண்டு செக்ஷன் நடுவுல எனர்ஜி இழப்பு 0.3 மீட்டரைத் தாண்டினா, நடுவுல செக்ஷன் சேருங்க. "சமன் பண்ண முடியல, கிரிட்டிக்கல் டெப்த் எடுத்துக்கிட்டேன்"னு சொன்னா அதை அப்படியே விட்டுட்டு ரிப்போர்ட் அடிக்காதீங்க, அந்த இடத்துல தண்ணி மட்டம் சாஃப்ட்வேர் இட்டுக்கட்டினது. செக்ஷன் புள்ளிகள்ல ஒரு லெவல் தப்பா டைப் ஆகியிருக்கான்னு முதல்ல பாருங்க, எனக்கு 1.25க்கு பதிலா 12.5னு இருந்துச்சு.

கடைசியா கை கணக்கோட ஒப்பிடுங்க. ஒரே மாதிரி செக்ஷன் குடுத்து ஓட்டினா 2-3 செ.மீக்குள்ள வரணும்.

9. ரிப்போர்ட், செலவு, நாள்

ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே மூணு வரி போடுங்க: கீழ் முனை மட்டம் என்ன, எங்கேர்ந்து எடுத்தது, எந்த டேட்டம். அப்புறம் 'என்' ரெண்டுக்கும் தனித்தனி எல்-செக்ஷன், படுகை, தண்ணி மட்டம், ரெண்டு பக்கக் கரை, சாலை மட்டம் எல்லாம் ஒரே படத்துல. பாட்டி காட்டின ஜன்னல் கட்டை மாதிரி வெள்ளக் குறிகளை அதே படத்துல புள்ளியா வைங்க, போட்டோ இணைப்புல. ஹெக்-ராஸ் ஃபைலை பென்டிரைவ்ல சேர்த்துக் குடுங்க, ஃபீல்டு புக் நகலும்.

எனக்கு மொத்தமா ஆனது சர்வே 28,000, கம்பூட் கையுறை ஆட்டோ எல்லாம் ஒரு 4,000, பிளாட் பிரிண்ட்டும் பைண்டிங்கும் நாலு தடவைக்கும் சேர்த்து 3,500 கிட்ட, அதுல மூணு தடவை காசு தண்டம். நாள் கணக்குல பேப்பருக்கு ஒரு வாரம், சர்வேயும் அதை வரையறதும் ரெண்டு வாரம், கீழ் முனை மட்டம் எழுத்துல கிடைக்க மூணு வாரம், கணக்குக்கு ரெண்டே நாள். மட்டம் கேட்டு லெட்டர் குடுக்கிறதை சர்வேக்கு முன்னாடியே செஞ்சிருந்தா ரெண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். குடுக்கும்போது ரெண்டாவது காப்பில சீல் போட்டு தேதியோட வாங்கிக்கோங்க, அடுத்த தடவை போறப்ப முதல்ல கேக்கிறது அதைத்தான்.